செவ்வாய், 01-01-1980

முதல் தப்பு என்னுடையது.
மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன்:
பச்சையாய்க் கசிந்த பேட்டரியை வெட்டியெடுத்துப் புதியது,
இரண்டாவது ஃப்ளாப்பிக்காக நீளமான பட்டைக் கேபிள்,
அப்புறம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
கிளிக்கூண்டுகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
வாஷிங்டன் பேரம் பேசி வாங்கிய
நான்கு நினைவகக் குச்சிகள்.
ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால்
யார் மேல் பழி போடுவது என்றாவது தெரிந்திருக்கும்.

வாஷிங்டன் என் அண்ணன்.
மான்டிவிடியோவில் அப்படியும் பெயர் வைப்பார்கள்;
அந்த அமெரிக்கருக்கும் இவனுக்கும்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சமையல் மேசையில்
மூடி கழன்று கிடக்கிறது 286.
ஜூலைக் குளிரில் ஜன்னலுக்கு வியர்க்கிறது.
பொத்தானைத் தட்டினால் விசிறி சுற்றுகிறது,
திரை மட்டும் அமாவாசை.
பிறகு பீப். பீப். பீப்.
"மூன்று" என்கிறான்,
மாத்தே குழலை வாயிலிருந்து எடுக்காமலே.
"மூன்று என்றால் நினைவகத்தில் பழுது."

குச்சிகளைப் பிடுங்கி
பென்சில் ரப்பரால் கால்களைத் தேய்த்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால்
மூன்றின் முதுகில் 80,
நான்காவதில் 100.
மெதுவாக நடக்கும் ஒருத்தியோடு
சேர்ந்து போக மாட்டார்களாம் மற்ற மூவரும்.
சந்தைக்காரன் சிரித்த சிரிப்பு
இப்போதுதான் புரிந்தது.

பழைய குச்சிகளையே போட்டேன்.
பீப் போயிற்று. ஃப்ளாப்பியின் பச்சை விளக்கு
எரியத் தொடங்கி எரிந்துகொண்டே இருந்தது,
விருந்தாளி போய் ஒரு மணி நேரம் ஆகியும்
யாரும் அணைக்காத வாசல் விளக்கு மாதிரி.
"கேபிளைத் தலைகீழாய்ச் செருகியிருக்கிறாய், நிபியா.
சிவப்புக் கோடு ஒன்றாம் ஊசிப் பக்கம்."
இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு
"நீ கேட்கவில்லையே" என்றான்.

பழசையெல்லாம் பழைய இடத்தில் வைத்தாயிற்று,
ஆனால் பழைய இயந்திரம் திரும்பவில்லை.
பேட்டரியைக் கழற்றிய அந்தப் பத்து நிமிடத்தில்
தனக்குள் ஒரு வட்டு இருப்பதையே மறந்துவிட்டது.
வகை எண் என்ன என்று கேட்கிறது,
ஒன்றிலிருந்து நாற்பத்தேழுக்குள்.
யாரும் எங்கும் குறித்து வைக்கவில்லை.
"எண் சொன்னால்தான் ஆளைத் தெரியுமாம்"
என்றான் வாஷிங்டன். சிரிக்கவில்லை.

ஃப்ளாப்பியிலிருந்து எழுப்பினேன்.
கடகடவென்று இருமிக்கொண்டு
எழுந்து வந்து அது கேட்ட முதல் கேள்வி:
இன்றைய தேதி செவ்வாய், 01-01-1980.
புதிய தேதியை இடவும்.

சட்டென்று விரலைக் கொண்டுபோனேன்.
"இரு" என்றான்.

அந்தக் கோடையில் அவன் லிபர்தாத் சிறையில் இருந்தான்.
விடுதலை என்று பொருள்; ஊரின் பெயரே அது,
கேலிக்கு யாரும் வைத்ததில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒரு தொலைபேசியோடு,
அந்தப் பக்கம் அவன் ஒரு தொலைபேசியோடு.
அம்மாவுக்குக் கால்வலி, ரொட்டி விலை,
பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது,
இவ்வளவுதான் பேசலாம்.
வெளியே வந்த பிறகும்
இதற்கு மேல் பேசியதில்லை நாங்கள்.

"செவ்வாயா" என்றான் திரையைப் பார்த்து.
"நான் புதன் என்றே நினைத்திருந்தேன்.
அன்று பீச் பழம் கொடுத்தார்கள். ஆளுக்குப் பாதி.
கொட்டை உள்ள பாதி எனக்கு வந்தது.
மூன்று நாள் வாயிலேயே வைத்திருந்தேன்."

கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.
கெண்டித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது;
நான் எழுந்து சூடாக்கவில்லை.

தேதியை அவனே அடித்தான், ஒற்றை விரலால்,
ஆண்டைத் தப்பாக அடித்து, அழித்து,
மறுபடி அடித்து.

வட்டு இன்னும் கிடைக்கவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
போட்டுப் பார்த்துவிட்டோம்.
நாளை ஐந்து.